நழுவண்டி

ஜூன் 5, திங்கள்

காலையில் எழுந்ததும் முதலில் செய்தது, அண்ணனுக்கு வெந்நீர் வைப்பதற்கும் முன்னால், கைப்பேசியில், யாரும் எழுதித் திருத்தக்கூடிய அந்த இணையக் கலைக்களஞ்சியத்தின் கவனிப்புப் பட்டியலைத் திறந்ததுதான். பதின்மூன்று வருடப் பழக்கம். நான் எழுதிய பக்கங்களில் வேறு யாராவது கை வைத்திருந்தால் அதில் தெரியும். பெரும்பாலும் யாரோ ஒரு ஒற்றெழுத்தைச் சேர்த்திருப்பார்கள், இன்னொருவர் அதை எடுத்திருப்பார். இன்று ‘மின்னோடி 2180’ பக்கத்தின் தலையில் ஒரு சிவப்புப் பெட்டி உட்கார்ந்திருந்தது.

‘இக்கட்டுரையை நீக்குவது பற்றி உரையாடல் நடைபெறுகிறது. ஏழு நாட்களுக்குள் நம்பகமான வெளிச்சான்று தரப்படாவிட்டால் நீக்கப்படும். - பயனர் கார்முகில்.’

மின்னோடி 2180 ஒரு கணினி விளையாட்டு. 2002இல் இங்கே கோயம்புத்தூரில், ஒரு பம்ப்செட் கடையின் மாடியில் இருந்த ஐந்து பேர் கம்பெனி வெளியிட்டது. 2180ஆம் ஆண்டில் சக்கரமே இல்லாத வண்டிகள் தரைக்கு ஒரு முழம் மேலே நழுவிக்கொண்டு பந்தயம் விடும். அவிநாசி சாலை, மருதமலை, பாலக்காட்டுக் கணவாய் என்று பன்னிரண்டு தடங்கள். கடைசித் தடம் நொய்யல். அதில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் ஓடும். முந்நூறு குறுந்தகடு விற்றிருந்தால் அதிகம். அடுத்த வருடமே கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்த விளையாட்டை உருவாக்கியவர் என் அண்ணன் சம்பத்குமார்.

அண்ணன் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, வேறு யாரும் இல்லை. ஜனவரியில் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைத்து, வலது கையும் பேச்சும் போய்விட்டன. சொல்வதெல்லாம் புரிகிறது. வாயில் வருவது ஒரே சொல்: “அதான்.” பசித்தாலும் அதான், வலித்தாலும் அதான், டிவியை அணை என்றாலும் அதான். சிலருக்கு இப்படி ஒரு சொல் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றுவிடும் என்றார் டாக்டர்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு டேப்லெட்டில் அந்தப் பக்கத்தைத் திறந்து அவருக்கு வாசித்துக் காட்டுவேன். இணையத்தில் அவர் பெயர் இருக்கும் ஒரே இடம் அதுதான். இன்று சிவப்புப் பெட்டி தெரியாதபடி கீழே தள்ளிவிட்டு வாசித்தேன்.

ஜூன் 6, செவ்வாய்

கார்முகில் மரியாதையானவர். உரையாடல் பக்கத்தில் இப்படி எழுதியிருந்தார்: ‘நூற்கண்டு அவர்களுக்கு வணக்கம். கட்டுரை சிறப்பாக உள்ளது. ஆனால் ஒரு சான்றுகூட இல்லை. “சம்பத்குமார் தனி ஒருவராகப் பதினான்கு மாதங்களில் உருவாக்கினார்” என்று உள்ளது. இதை யார் சொன்னது?’

நூற்கண்டு என்பது அங்கே என் பெயர். அந்த வரியைச் சொன்னது அம்மா. “எம்பையன் ஒத்தையாளா பதினாலு மாசம் ஒக்காந்து பண்ணுனானுங்க” என்று கல்யாண வீடு, எழவு வீடு பார்க்காமல் சொல்லிக்கொண்டிருப்பாள். அம்மா போய் ஐந்து வருடம் ஆகிறது. அவளை எந்த அடிக்குறிப்பில் போடுவது?

அதற்குக் கீழே இன்னொருவர் எழுதியிருந்தார்: ‘அது என்ன நழுவண்டி? உலகத்தில் வேறு யாராவது இச்சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறார்களா? எனக்கு வாழைப்பழத் தோல்தான் நினைவுக்கு வருகிறது.’

அது நான் உண்டாக்கிய சொல். 2010இல் இந்தப் பக்கத்தைத் திருத்தும்போது அந்த வண்டிகளுக்குத் தமிழில் என்ன போடுவது என்று இரண்டு சாயங்காலம் யோசித்தேன். மிதவூர்தி என்றால் படகு போல இருந்தது. நழுவும் வண்டி, நழுவண்டி. அன்று எனக்குப் பெருமையாக இருந்தது. யாரோ பெயர் தெரியாதவர் எழுதிப் போட்டிருந்த நான்கு வரிதான் அப்போது இருந்தது. அதில் சான்றில்லாத ஒன்றை நீக்கிவிட்டு, மீதியை விரித்து எழுதினேன்.

உருவாக்கியவரின் வாய்மொழி சான்றாகாது என்பது விதி. இதைப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே எத்தனையோ முறை விளக்கியிருக்கிறேன். அந்த உருவாக்கியவர் இப்போது அடுத்த அறையில் இடது கையால் இட்லியைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார். விதி இடம் கொடுத்தாலும் அவருக்கு வாய் இல்லை. உறவுக்காரர்கள் அந்த உறவைச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும் என்றும் ஒரு விதி உண்டு. நான் சொன்னதில்லை.

இவர், என் வீட்டுக்காரர், கடைக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்தார்.

“ஸ்கூட்டரே ஓட்டத் தெரியாது. கார் ரேஸுக்கு வக்கீலு.”

“கார் இல்லீங்க, நழுவண்டி.”

“அது எந்த ரோட்டுல ஓடுது?”

“2180ல ஓடும்.”

“சரி, அதுவரைக்கும் எங்களுக்குச் சோறு போடாம இருந்தராத.”

அண்ணன்கூடச் சிரித்தார். வாயின் இடது பக்கம் மட்டும்.

சாயங்காலம் கார்முகில் மறுபடி எழுதியிருந்தார். 2011 வாக்கில் கோவைப் பதிப்பு நாளிதழ் ஒன்றின் ஞாயிறு இணைப்பில் இந்த விளையாட்டைப் பற்றிப் படித்த நினைவாம். அது கிடைத்தால் வேண்டுகோளைத் தானே திரும்பப் பெறுவாராம். மனிதர் கெட்டவர் இல்லை. அதுதான் சங்கடம். திட்டவும் முடியவில்லை.

ஜூன் 7, புதன்

பேச்சுப் பயிற்சிக்கு பெனசிர் வந்தாள். இருபத்தாறு வயதுப் பெண். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிடுவாள். படம் போட்ட அட்டைகளை அண்ணன் தள்ளிவிட்டு டேப்லெட்டைக் காட்டினார்.

“ஓ, சார் அவரோட கேமத்தான் படிப்பாராக்கும்! சரிங்க சார், இன்னிக்கு அதுலயே பாடம்.”

பக்கத்தைத் திறந்தாள். அண்ணன் இடது ஆள்காட்டி விரலைத் தம் பெயரின்மேல் வைத்தார். பிறகு அதைச் சற்றே வலப்பக்கம் நகர்த்தி, வெற்றிடத்தில் அழுத்தினார். எழுத்து பெரிதானது. மறுபடி அழுத்தினார்.

“உங்க பேருதான் சார். சம்பத்குமார். சூப்பர்!”

தலையை ஆட்டி மறுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. “மெ” என்றார்.

ஐந்து மாதத்தில் முதல் புது ஒலி. பெனசிர் கைதட்டிவிட்டாள். “அக்கா, கேட்டீங்களா? மெ! சார், மெதுவாவா? மெத்தையா? மெழுகுவத்தி?”

ஒவ்வொன்றுக்கும் இல்லை என்று தலையாட்டினார். நானும் ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “மெதுவடை கேக்கறாரோ என்னமோ” என்றேன். பெனசிர் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பால் அடுப்பில் இருக்கிறது என்று எழுந்து போனேன்.

பால் காலையிலேயே காய்ச்சியாகிவிட்டது.

ஜூன் 8, வியாழன்

வாஷிங் மெஷினில் தண்ணீர் இறங்கவில்லை. மெதுவடை சுட்டேன். அண்ணன் தொடவில்லை.

ஜூன் 9, வெள்ளி

இவரை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டு, நான் நூலகத்தில் வேலை பார்க்கும் கல்லூரிக்குப் போனேன். ஜனவரியிலிருந்து சம்பளமில்லா விடுப்பில் இருந்தாலும் நூலகத்தில் இன்னும் என் நாற்காலியில் யாரையும் உட்கார வைக்கவில்லை. பழைய நாளிதழ்களை மாதவாரியாகக் கட்டி அடுக்கியது நான்தான். 2011 ஜனவரியில் ஆரம்பித்தேன். தும்மல் தாங்காமல் முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டேன். வெளியே மேல்காற்றோடு தூறல்.

ஆகஸ்ட் கட்டில் கிடைத்தது. அரைப் பக்கம். ‘நம்ம கோவையில் ஒரு 2180!’ என்று தலைப்பு. எழுதியவர் பெயர் ஜெகதீசன். இரண்டாவது பத்தியில்: ‘சம்பத்குமார் தனி ஒருவராகப் பதினான்கு மாதங்களில் இதை உருவாக்கினார். சக்கரமற்ற நழுவண்டிகள் தரைக்கு ஒரு முழம் மேலே பறக்கும்.’

நழுவண்டி! அச்சில்! நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என் சொல்லை முன்பின் தெரியாத ஒருவர் எடுத்து ஆண்டிருக்கிறார். வாழைப்பழத்தோல்காரருக்கு இது போதும்.

அங்கேயே படம் எடுத்து, தேதியும் பக்க எண்ணும் போட்டு, அந்த வரிக்கு அடிக்குறிப்பாகச் சேர்த்தேன். நீல நிறத்தில் சிறிய [1] வந்து நின்றது. பதின்மூன்று வருடமாக அந்த வரி மொட்டையாக நின்றிருந்தது.

வரும் வழியில் அண்ணனுக்குத் தேங்காய் பன் வாங்கினேன். பேருந்தில் உட்கார்ந்த பிறகுதான் 2011, 2010 என்று இரண்டு எண்களும் மனதில் அடுத்தடுத்து வந்தன. சன்னல் வழியாகச் சாரல் அடித்தது. கண்ணாடியை இறக்கிவிட்டேன்.

ஜூன் 10, சனி

ஜெகதீசனின் எண் கிடைத்தது. இப்போது பத்திரிகையில் இல்லை. வீட்டுமனை விளம்பரம் எழுதுகிறார். வாசகி என்று சொல்லிக்கொண்டு பேசினேன்.

“மின்னோடியா? சித்தெ பொறுங்க... ஆமாமா, கேமு. என்னுங்க அதுக்கு?”

“அதுக்கு நீங்க யாரக் கேட்டு எழுதுனீங்கன்னு தெரிஞ்சுக்கலாம்னுங்க.”

“யாரக் கேக்கறது? அரைப் பக்கம் காலியா கெடக்குது, அஞ்சு மணிக்குள்ள குடுன்னாங்க. நெட்ல கலைக்களஞ்சியத்துல இருந்துச்சு. அப்பிடியே எறக்கிட்டேன். தப்பாப் போச்சுங்களா?”

“இல்லீங்க. நழுவண்டின்னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க.”

“நானா? நல்லா இருக்குதுங்களே வார்த்தை!”

ஆக, அந்த வரிக்குச் சான்று ஜெகதீசன். ஜெகதீசனுக்குச் சான்று நான். எனக்குச் சான்று அம்மா.

இந்த மாதிரிச் சுற்றுச்சான்றுகளைக் கண்டுபிடித்து எடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு. போன வருடம் ஒரு கோயில் பக்கத்திலிருந்து மூன்றைப் பிடுங்கிப் போட்டு, எழுதியவருக்கு நீளமாக அறிவுரையும் சொன்னேன். அவர் அதற்குப் பிறகு வரவேயில்லை.

இன்று எந்தப் பக்கத்தையும் திருத்தவில்லை. நான் சொன்னால் பக்கம் போய்விடும். அண்ணன் பெயர் போய்விடும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. பரணில் ஒட்டடை அடிக்க வேண்டும்.

ஜூன் 11, ஞாயிறு

ஒட்டடை அடிக்கத்தான் பரணில் ஏறினேன் என்று இவரிடம் சொன்னேன். இருபது வருடமாகப் பித்தளைக் குடத்துக்குப் பின்னால் ஒரு பழைய தலையணை உறை இருக்கிறது. வீடு மாறியபோதும் நானே கையில் எடுத்து வந்து இங்கேயும் குடத்துக்குப் பின்னாலேயே வைத்தேன். உள்ளே மின்னோடி 2180 பெட்டி. மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்காதது.

இதை எழுதிவிடுவது நல்லது. 2003 ஜூன். நான் படிப்பை முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். அண்ணனோடு வேலை பார்த்த மெர்லின் வாசலில் வந்து நின்றாள். மழையில் நனைந்திருந்தாள். “சம்பத் இருக்காருங்களா?” என்றாள். அண்ணன் மாடியில்தான் இருந்தார். மின்விசிறி ஓடும் சத்தம் கீழே கேட்டது. “ஊருக்குப் போயிருக்காருங்க” என்றேன். அப்படிச் சொல்லச் சொன்னது அம்மா. அவள் கிறிஸ்தவள். அந்த வருடம் எங்கள் வீட்டில் ‘வேதக்காரப் பெண்’ என்ற இரண்டு சொல்லைத் தவிர வேறு பேச்சில்லை. மெர்லினும் அந்த மின்விசிறிச் சத்தத்தைக் கேட்டிருப்பாள். ஒரு நொடி மேலே பார்த்தாள். “கம்பெனியில மிச்சம் இருந்த கடைசிப் பெட்டிங்க. வந்தா இதக் குடுத்துருங்க” என்று கொடுத்துவிட்டுப் போனாள்.

நான் கொடுக்கவில்லை. அண்ணன் கேட்கவும் இல்லை. அவருக்கு அவள் வந்ததே தெரியாது.

இன்று கத்தரிக்கோலால் பிளாஸ்டிக்கைப் பிரித்தேன். குறுந்தகடு கீறல் இல்லாமல் மின்னியது. அதைப் போட்டுப் பார்க்க இந்த வீட்டில் எந்தக் கருவிக்கும் வாய் இல்லை. கூடவே எட்டுப் பக்கக் கையேடு. கடைசிப் பக்கத்தில் அச்சில்:

‘கதை, தடங்கள், ஓவியம்: மெர்லின் ஞானசௌந்தரி. நிரலாக்கம்: சம்பத்குமார்.’

நொய்யலில் தண்ணீர் ஓடவிட்டது அவள்.

பிறகு கலைக்களஞ்சியத்தில் அந்தப் பக்கத்தின் வரலாற்றைத் திறந்தேன். ஒவ்வொரு திருத்தமும் அங்கே அப்படியே இருக்கும், அழியாது. பெயர் தெரியாதவரின் நான்கு வரியில் இரண்டாவது வரி, இந்தக் கையேட்டில் உள்ளது போலவே இரண்டு பெயர். அதற்கு அடுத்தது என் திருத்தம். நான் எழுதிய காரணமும் இருந்தது: ‘சான்றில்லாத தகவல் நீக்கப்பட்டது.’ நீக்கியது ஒரு பெயர். பக்கத்திலிருந்த இன்னொரு பெயருக்கும் சான்று இல்லைதான். அதை விட்டுவைத்தேன்.

நினைவில்லாமல் செய்துவிட்டேன் என்று எழுதலாம் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 12, திங்கள்

பக்கம் பிழைத்துவிட்டது. காலையில் சிவப்புப் பெட்டி இல்லை. கார்முகில் எழுதியிருந்தார்: ‘வெளிச்சான்று கிடைத்துவிட்டதால் வேண்டுகோளைத் திரும்பப் பெறுகிறேன். நூற்கண்டு அவர்களின் விடாமுயற்சி புதியவர்களுக்குப் பாடம்.’ வாழைப்பழத்தோல்காரர் மன்னிப்பே கேட்டிருந்தார்: ‘நழுவண்டி அச்சேறிய சொல் என்று அறியாமல் கேலி செய்துவிட்டேன்.’ ஏழு பேர் நன்றி பொத்தானை அழுத்தியிருந்தார்கள்.

இவரிடம் சொன்னேன். “பரவாயில்லயே, கேஸ் ஜெயிச்சுட்ட! எப்பிடியோ நழுவிட்டு வந்துட்ட” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நான் உப்புமாவைக் கிளறிக்கொண்டே இருந்தேன். அடிப்பிடித்துவிட்டது.

மத்தியானம் டேப்லெட்டை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணனை நிமிர்த்தி உட்கார வைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, வாசித்தேன். “சம்பத்குமார் தனி ஒருவராக...” என்று வந்ததும் அவர் விரல் நீண்டது. பெயரின்மேல் வந்து, வலப்பக்கம் நகர்ந்து, அந்த வெற்றிடத்தில் நின்றது. பின்பு அழுத்தினார். இத்தனை மாதமாகத் தம் பெயரைப் பார்த்துச் சந்தோஷப்படுகிறார் என்று பெனசிரிடமும் இவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“மெ” என்றார்.

சன்னலைப் பார்த்தேன். எதிர் வீட்டு மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“மெர்லினா, அண்ணா?”

அந்தப் பெயர் எங்கள் குடும்பத்தில் யார் வாயிலிருந்தும் வந்து இருபது வருடம் இருக்கும். அண்ணன் மூச்சை விட்டார். தலை பின்னால் சாய்ந்தது.

“அதான்” என்றார். “அதான். அதான்.”

ஐந்து மாதமாக எது கேட்டாலும் அதே சொல்லைத்தான் சொல்கிறார். இன்றைக்குத்தான் அது சரியான இடத்தில் வந்தது.

நான் தலையணை உறையை எடுத்து வந்து பெட்டியை அவர் மடியில் வைத்தேன். யார் கொடுத்தது, எப்போது கொடுத்தது, மாடியில் மின்விசிறி ஓடியது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டியிருக்கலாம். அதற்கும் அவரிடம் சொல் இல்லை. கையேட்டின் கடைசிப் பக்கத்தை இடது கையால் பிடித்துக்கொண்டார். நான் பிடித்துத் திருப்பப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டார்.

இரவுச் சாப்பாட்டை இவர்தான் ஊட்டினார். நான் ஊட்டப் போனால் வாயைத் திறக்கவில்லை.

ஜூன் 13, செவ்வாய்

வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் வந்தார். குழாயில் ஒரு பொத்தான் அடைத்திருந்ததாம்.

கடையில் ஸ்டாக் எடுக்கும் நாள் என்று இவர் சீக்கிரம் போய்விட்டார். அண்ணன் காலையிலும் என் கையால் சாப்பிடவில்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்து தட்டை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். இடது கையால் பாதியைச் சிந்திப் பாதியைச் சாப்பிட்டார். கையேடு தலையணைக்கு அடியில் இருக்கிறது.

மெர்லின் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. தேடினால் கிடைப்பாளா, கிடைத்தால் என்ன சொல்வது, அவளுக்கு இப்போது இதெல்லாம் வேண்டுமா என்றும் தெரியவில்லை. அண்ணனுக்குப் பேச்சு திரும்பி வர என்னால் ஒன்றும் செய்ய முடியாது. மாடிப்படி ஏறி அந்த மின்விசிறியை இப்போது நிறுத்தவும் முடியாது. என்னிடம் இருப்பது ஒரு கடவுச்சொல்லும் ‘தொகு’ என்ற திருத்தும் பொத்தானும்தான்.

விதிகளை மறுபடி வாசித்தேன். யார் என்ன வேலை செய்தார் என்பதற்கு விளையாட்டோடு வந்த கையேட்டைச் சான்றாகக் காட்டலாம். ஆனால் பக்கம் இருப்பதற்கே வெளிச்சான்று ஒன்று வேண்டும். ஜெகதீசன் வெளியிலிருந்து வந்தவர் அல்ல, நானேதான் என்று சொல்லிவிட்டால் அந்த ஒன்றும் இல்லை. வேறு எங்கும் எதுவும் கிடைக்காது. எல்லா நாளிதழ்க் கட்டுகளையும் நேற்று நினைவில் புரட்டிப் பார்த்துவிட்டேன். பக்கம் ஒரு பெயரோடு பொய்யாக நிற்கலாம், அல்லது இரண்டு பெயரும் சேர்ந்து போகலாம். மூன்றாவது வழி இருந்தால் அது இந்த ஒரு வாரத்தில் எனக்குத் தெரிந்திருக்கும்.

நாளைக் காலை எழுந்ததும், வெந்நீர் வைப்பதற்கு முன்னால், அந்த வரியைத் திருத்துவேன். மெர்லின் ஞானசௌந்தரி, சம்பத்குமார், கையேட்டில் இருக்கிற வரிசையில். அடுத்து உரையாடல் பக்கத்தில், நான் சம்பத்குமாரின் தங்கை கோகிலவாணி, அந்த நாளிதழ் வரி என்னுடையது, 2010இல் ஒரு பெயரை எடுத்ததும் நான்தான் என்று எழுதுவேன். கார்முகில் செய்யும்வரை காத்திருக்காமல் நீக்கல் வேண்டுகோளையும் நானே வைப்பேன். நழுவண்டியும் அதோடு போகட்டும்.

இவரிடம் இன்னும் சொல்லவில்லை. அண்ணனிடமும் சொல்லவில்லை.

வேண்டுகோள் வைத்தால் ஏழு நாள் கொடுப்பார்கள். அந்த ஏழு மத்தியானமும் சிவப்புப் பெட்டியை மறைக்காமல் அவருக்கு வாசிப்பேன்.